நிலம் பிறகு, முதலில் அப்பாவின் முதுகுப் புண்

தர்மபுரி மாவட்டம் அரூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து 38 வயதுப் பெண் ஒருவர் ஒன்பது பக்கங்களில் கடிதம் எழுதியிருக்கிறார். ஊர்ப் பெயரையும் அடையாளம் காட்டிவிடக்கூடிய விவரங்களையும் நீக்கிவிட்டு, பதிலுக்குத் தேவையானவற்றை மட்டும் இங்கே சுருக்கமாகத் தருகிறேன்.

அவருடைய தந்தைக்கு வயது 71. பதினான்கு மாதங்களுக்கு முன் பக்கவாதம் வந்து வலப்பக்கக் கையும் காலும் செயலிழந்துவிட்டன. பேச்சு குழறுகிறது, ஆனால் சொல்வது புரிகிறது, ஆம், இல்லை என்று தலையசைத்துப் பதில் சொல்கிறார். தாய் ஆறு ஆண்டுகளுக்கு முன் காலமாகிவிட்டார். 29 வயதான தம்பிக்குப் பிறவியிலிருந்தே அறிவுசார் குறைபாடு. தானே குளிப்பார், சாப்பிடுவார், ஆனால் தனியே விட்டுவிட்டுப் போக முடியாது. மூத்த அண்ணன் பெங்களூரிலும் இளைய அண்ணன் திருப்பூரிலும் இருக்கிறார்கள். நான்கு ஆண்டுகளுக்கு முன், தன்னையும் தம்பியையும் கடைசிவரை பார்த்துக்கொள்வான் என்ற வாய்வார்த்தையை நம்பி, தந்தை தம் பெயரிலிருந்த ஒன்றரை ஏக்கர் நிலத்தை மூத்த மகனுக்குத் தான செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்திருக்கிறார். பக்கவாதம் வந்தபின் ஆறு மாதம் பணம் அனுப்பிய அந்த மகன், இப்போது தொலைபேசியைக்கூட எடுப்பதில்லை.

கடிதம் எழுதியவர் அடுத்த தெருவில் வாழ்க்கைப்பட்டவர். கணவர் லாரி ஓட்டுநர். மாதத்தில் நான்கைந்து நாள்தான் வீட்டில் இருப்பார். இவர் புளிக் காலத்தில் வீட்டிலேயே புளி உடைத்துக் கொட்டை நீக்கிக் கொடுத்துக் கிலோக் கணக்கில் கூலி வாங்குகிறார். புதன்கிழமைச் சந்தையில் காய்கறி விற்கிறார். தந்தையின் முதுகின் கீழே ஒரு ரூபாய் நாணய அளவுக்குப் புண் வந்திருப்பதாகவும், அதற்கு மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் போட்டு வருவதாகவும் ஐந்தாம் பக்கத்தில் ஒரே ஒரு வரி எழுதியிருக்கிறார். மற்ற பக்கங்களில் பெரும்பகுதி நிலத்தைப் பற்றியது. நிலத்தை மீட்க முடியுமா, அண்ணன்மேல் புகார் கொடுத்தால் அவர் சிறைக்குப் போய்விடுவாரா, தம்பிக்குத் தான்தானே பாதுகாவலர், இருவரையும் இல்லத்தில் சேர்த்துவிட்டால் தான் கெட்ட மகளா என்பவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நான் வழக்கறிஞர் என்பதால் நிலத்திலிருந்து தொடங்குவேன் என்று நீங்கள் எதிர்பார்த்திருக்கலாம். ஆனால் உங்கள் ஒன்பது பக்கங்களில் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாத செய்தி அந்த முதுகுப் புண்தான். நிலம் எங்கும் போய்விடாது. படுத்த படுக்கையாக இருப்பவரின் முதுகுப் புண், மேலே சிறிதாகத் தெரியும்போதே உள்ளே ஆழமாகியிருக்கக்கூடும். நாற்றமோ காய்ச்சலோ வந்துவிட்டால் அது உயிருக்கே ஆபத்தாக முடியும். ஆகவே இந்தப் பதிலை நீங்கள் படித்து முடித்த அன்றே செய்ய வேண்டியதை முதலில் சொல்கிறேன்.

இன்றே செய்ய வேண்டியது

உங்கள் ஊருக்கு மாதம் ஒருமுறை வந்து சர்க்கரை மாத்திரையும் இரத்த அழுத்த மாத்திரையும் கொடுத்துப் போகும் பெண் தன்னார்வலரைப் பற்றி எழுதியிருந்தீர்கள். ‘அவர் மாத்திரைக்கு மட்டும்தான்’ என்று நீங்கள் நினைத்திருப்பது தவறான எண்ணம். மக்களைத் தேடி மருத்துவம் என்ற அந்தத் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று உங்களுக்கு அடுத்த மாவட்டமான கிருஷ்ணகிரியின் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்டபோதே, வீடு தேடி மாத்திரை தருவதோடு, படுக்கையில் இருப்பவர்களுக்கு நோய்தணிப்புச் சிகிச்சைச் செவிலியரையும் இயன்முறை மருத்துவரையும் வீட்டுக்கே அனுப்புவதும் அதன் பகுதியாக இருந்தது. தன்னார்வலர் மாத்திரைப் பையோடு வாசலில் நின்று கையெழுத்து வாங்கிக்கொண்டு போகிறார். நீங்களும் உள்ளே அழைத்ததில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அவரை உள்ளே அழையுங்கள். அப்பாவை ஒருக்களித்துப் படுக்க வைத்து அந்தப் புண்ணைக் காட்டுங்கள். ‘அப்பா படுத்த படுக்கையாக இருக்கிறார், படுக்கைப் புண் வந்திருக்கிறது, செவிலியரை அனுப்பச் சொல்லுங்கள்’ என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். வட்டார ஆரம்ப சுகாதார நிலையத்துப் பட்டியலில் உங்கள் தந்தையின் பெயர் இரத்த அழுத்த நோயாளி என்று மட்டும் இருக்கும்வரை, அவர் படுக்கையில் இருப்பது அங்கே யாருக்கும் தெரிய வழியில்லை. தன்னார்வலர் வரும் நாள் தள்ளியிருந்தால் காத்திருக்க வேண்டாம். உங்கள் கிராம சுகாதார செவிலியரிடமே நேரில் சொல்லலாம். 104 என்ற எண்ணில் மருத்துவ ஆலோசனை கிடைக்கும். காய்ச்சலோ சீழோ இருந்தால் 108-ஐ அழைத்து மருத்துவமனைக்கே கொண்டுபோய்விடுங்கள்.

நான் மருத்துவர் அல்லேன். ஆனால் இத்தகைய குடும்பங்களோடு பல ஆண்டுகள் பழகியதில் செவிலியர்கள் திரும்பத் திரும்பச் சொல்லக் கேட்ட ஒன்றை மட்டும் சொல்கிறேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். மஞ்சளையும் எண்ணெயையும் நிறுத்திவிட்டு, செவிலியர் காட்டித்தரும் முறையில் புண்ணைச் சுத்தம் செய்யுங்கள். புரட்டுவதற்கு உங்கள் தம்பி உதவ முடியும் என்றே நினைக்கிறேன். அவர் தானே குளிப்பதாகவும், தினமும் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவதாகவும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கடிகாரத்தைக் காட்டிச் சொல்லிக்கொடுத்தால் அவர் அதை ஒரு வேலையாக ஏற்றுச் செய்யக்கூடும். இயன்முறை மருத்துவர் வரும்போது அவரையும் பக்கத்தில் நிற்க வையுங்கள்.

ஒரு வீட்டுக்கு ஓர் உதவித்தொகைதான் என்பது சரியல்ல

அப்பாவுக்கு முதியோர் உதவித்தொகை வருவதால் தம்பிக்கு எதுவும் கிடைக்காது என்று இ-சேவை மையத்தில் ஒருவர் சொன்னதாகவும், மூவாயிரம் ரூபாய் கொடுத்தால் ‘ஏற்பாடு செய்வதாக’ அவரே சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் தவறு. ஒரே நபர் இரண்டு ஓய்வூதியங்களைப் பெற முடியாது என்பதுதான் விதி. ஒரு வீட்டில் தகுதியுள்ள இருவர் இருந்தால், இருவரும் தனித்தனியே விண்ணப்பிக்கலாம்.

தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் நலத்துறை வழங்கும் மாதாந்திரப் பராமரிப்பு உதவித்தொகை 2,000 ரூபாய். அறிவுசார் குறைபாடு 40 விழுக்காடும் அதற்கு மேலும் உள்ளவர்கள் அதற்கு விண்ணப்பிக்கலாம். கை, கால் செயலிழப்பு போன்ற கடுமையான உடல் பாதிப்பு என்றால் 75 விழுக்காடு வேண்டும். உங்கள் தம்பிக்குச் சிறுவயதில் எடுத்த பழைய அடையாள அட்டைப் புத்தகம் பெட்டியில் இருப்பதாகச் சொல்கிறீர்கள். அது பெரிய சொத்து, பத்திரப்படுத்துங்கள். அதைக் கொண்டு, இப்போது நாடு முழுவதும் செல்லும், மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டைக்கு விண்ணப்பித்துவிட்டு, தர்மபுரியிலுள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் பராமரிப்பு உதவித்தொகைக்கு மனுக் கொடுங்கள். வரிசையில் ஆள் அதிகம் என்று சொல்லிக் காக்க வைப்பார்கள், அது நடக்கக்கூடியதுதான். ஆனால் மனுக் கொடுத்த நாளும் பதிவு எண்ணும் இல்லாதவர் அந்த வரிசையிலேயே இல்லை. திங்கட்கிழமைகளில் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுத்தால் ஒப்புகைச் சீட்டுக் கிடைக்கும். மூவாயிரம் ரூபாயை யாருக்கும் கொடுக்காதீர்கள்.

உங்கள் தந்தைக்கு இரண்டில் எது பொருத்தம் என்று யோசித்துப் பார்க்க வேண்டும். முதியோர் உதவித்தொகை 2023 ஆகஸ்ட் முதல் 1,200 ரூபாயாக உயர்ந்தது. பக்கவாதத்தால் ஏற்பட்ட பாதிப்பு 75 விழுக்காடு என்று மருத்துவக் குழு சான்றளித்தால் அவர் பராமரிப்பு உதவித்தொகைக்கு மாறிக்கொள்ளலாம். ஆனால் புதியது உறுதியாகும்வரை பழையதை நிறுத்தச் சொல்லி எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். அவசரத்தில் அப்படிச் செய்து, இரண்டும் இல்லாமல் பல மாதம் தவித்த குடும்பங்களை அறிவேன். சான்றிதழுக்கு அவரைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியதில்லை. படுத்த படுக்கையானவர் என்பதை மனுவில் எழுதி, உங்கள் வட்டாரத்தில் நடக்கும் மருத்துவ மதிப்பீட்டு முகாமிலோ வீட்டிலோ பார்க்கும்படி கேளுங்கள்.

மூன்று மாதமாக அந்த 1,200 ரூபாயே கைக்கு வரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். பணம் நின்றுவிடவில்லை, வங்கி முகவர் கொண்டுவரும் கருவியில் அப்பாவின் விரல் ரேகை விழவில்லை, அவ்வளவுதான். வலக்கை விரல்கள் மடங்கிப்போய்ப் பதினான்கு மாதம் ஆகிவிட்டன. முகவர் அந்தக் கையையே விரித்து விரித்து அழுத்திப் பார்த்திருக்கிறார், அப்பா வலியில் கத்தியிருக்கிறார். இடக்கை விரல்களை ஒவ்வொன்றாக வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதுவும் விழாவிட்டால் வங்கிக் கிளை மேலாளருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். கையெழுத்துப் போட முடியாத நோயாளியின் கணக்கில், வங்கி அலுவலர் ஒருவர் உட்பட இரண்டு சாட்சிகள் முன்னிலையில் பெருவிரல் ரேகையோ, அதுவும் இயலாவிட்டால் கால் பெருவிரல் ரேகையோ வாங்கிக்கொண்டு பணம் தர ரிசர்வ் வங்கியின் நெறிமுறை இடம் தருகிறது. அதே நேரம் கிராம நிர்வாக அலுவலரிடமும் நிலைமையைச் சொல்லிவையுங்கள். தொடர்ந்து பணம் எடுக்கப்படாமல் இருந்தால் பயனாளி இறந்துவிட்டார் அல்லது ஊரில் இல்லை என்று குறிப்பெழுத இடம் ஏற்பட்டுவிடும். ரேஷன் பொருளை வீட்டுக்கே கொண்டுவந்து தரும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்டில் தொடங்கியிருக்கிறது. அப்பாவும் தம்பியும் இருக்கும் அட்டைக்கு அது வருகிறதா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். மாதம் ஒரு முற்பகலாவது உங்களுக்கு மிச்சமாகும்.

அண்ணன்மீது மனு: என்ன நடக்கும், என்ன நடக்காது

இப்போது சட்டத்துக்கு வருகிறேன். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம் 2007-இல் இயற்றப்பட்டது. தம் வருமானத்தாலோ சொத்தாலோ தம்மைப் பராமரித்துக்கொள்ள முடியாத பெற்றோர், வயதுவந்த மகன், மகள், பேரன், பேத்தி ஆகியோரிடம் பராமரிப்புக் கேட்கலாம். உங்களைப் பொறுத்தவரை அந்த மனுவை விசாரிக்கும் தீர்ப்பாயம் அரூர் வருவாய்க் கோட்டாட்சியர் அலுவலகத்தில்தான். அண்ணன் பெங்களூரில் இருக்கிறார், கர்நாடகத்துக்குத்தான் போக வேண்டுமோ என்று அஞ்ச வேண்டாம். பெற்றவர் வாழும் மாவட்டத்திலேயே மனுப் போடலாம் என்று சட்டத்தின் 6-ஆம் பிரிவு சொல்கிறது. வழக்கறிஞர் வைக்காமலே நடக்க வேண்டும் என்ற எண்ணத்தில் எழுதப்பட்ட சட்டம் இது. தந்தையின் சார்பாகப் பேசும்படி மாவட்ட சமூக நல அலுவலரைக் கேட்டுக்கொள்ளலாம். நோட்டீஸ் எதிர்த்தரப்பின் கையில் சேர்ந்ததிலிருந்து 90 நாளுக்குள், விதிவிலக்காக இன்னும் 30 நாளுக்குள் முடிக்க வேண்டும் என்பது சட்டம் விதித்த காலவரையறை. நடைமுறையில் சில இடங்களில் தாமதமாகிறது என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். மாதப் பராமரிப்பாகத் தீர்ப்பாயம் விதிக்கக்கூடிய உச்சத் தொகை 10,000 ரூபாய்.

மனுக் கொடுத்ததும் காவலர் வந்து அண்ணனைக் கைது செய்துவிடுவார்கள் என்ற அச்சத்தை விட்டுவிடுங்கள். முதலில் நோட்டீஸ் போகும். தேவையானால் சமரச அலுவலரிடம் அனுப்பி ஒரு மாதத்துக்குள் உடன்பாடு காணப் பார்ப்பார்கள். என் அனுபவத்தில் பாதிக்கு மேற்பட்ட குடும்பங்களுக்கு அந்த மேசையே போதுமானதாக இருந்திருக்கிறது. உத்தரவு பிறந்த பிறகும் போதிய காரணமின்றிப் பணம் கட்டாமல் இருந்தால்தான் பிடியாணையும், ஒரு மாதம்வரையான சிறையும் என்ற கட்டம் வரும். இதில் நீங்கள் மறக்கக் கூடாத ஒரு கெடு உண்டு: தவணை தவறிய நாளிலிருந்து 3 மாதத்துக்குள் தீர்ப்பாயத்துக்குத் தெரிவித்தால்தான் அந்தத் தவணைக்காகப் பிடியாணை கேட்க முடியும்.

இரண்டு விஷயங்களில் உங்களைத் திருத்த வேண்டியிருக்கிறது. முதலாவது, ‘அண்ணன்மார்தான் பொறுப்பு, நான் மகள், எனக்கு அந்தக் கடமை இல்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள். சட்டம் மகளையும் சேர்த்தே பேசுகிறது. உங்கள் அண்ணன் பதில் கொடுக்கும்போது திருப்பூர் அண்ணனையும் உங்களையும் வழக்கில் சேர்க்கும்படி கேட்கலாம். அதற்காகப் பயப்பட ஒன்றுமில்லை. பதினான்கு மாதமாக அப்பாவுக்குச் சோறூட்டுவது யார், கழுவித் துடைப்பது யார், மருந்துக்குச் செலவு செய்தது யார் என்பதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதியோடு எழுதத் தொடங்குங்கள். மருந்துக்கடைச் சீட்டுகளை அதிலேயே ஒட்டிவையுங்கள். அப்பாவுக்காக நீங்கள் கைவிட்ட கூலியும், உங்கள் உழைப்பும், பணமாக அனுப்பப்படாத பங்களிப்புத்தான் என்று கோட்டாட்சியரிடம் அப்போது காட்ட முடியும்.

இரண்டாவது இதைவிட முக்கியமானது. ‘அப்பாவுக்குத் தெரியாமல் மனுக் கொடுத்துவிடலாமா, தெரிந்தால் வருத்தப்படுவார்’ என்று கேட்டிருக்கிறீர்கள். கூடாது. மனு அவருடையது. அவரால் இயலாதபோது அவர் அதிகாரம் அளித்தவர் கொடுக்கலாம் என்று சட்டம் சொல்கிறதே தவிர, அவருக்குத் தெரியாமல் கொடுக்கச் சொல்லவில்லை. அவருக்குப் பேச்சுத்தான் போயிருக்கிறது. முடிவெடுக்கும் உரிமை போகவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு விசாரணையில், மகள் கொண்டுவந்த மனுவின் மேல் கோட்டாட்சியர் அந்தப் பெரியவரைப் பார்த்து ‘உங்கள் மகன் உங்களைக் கவனிப்பதில்லையா ஐயா?’ என்று கேட்டார். பெரியவர் எதிரே நின்ற மகனை ஒருமுறை பார்த்துவிட்டு, ‘அவன் நல்ல பிள்ளைதான்’ என்றார். மனு அத்தோடு முடிந்தது. அந்த மகள் பேருந்து நிறுத்தம்வரை ஒரு வார்த்தை பேசாமல் என்னோடு நடந்துவந்தார். உங்களுக்கு அது நேரக் கூடாது. ஒரு மாலை நேரத்தில் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து, அண்ணனைத் தண்டிப்பதற்காக இல்லை, உங்கள் மருந்துக்கும் தம்பியின் சாப்பாட்டுக்கும் அவர் பங்கைக் கேட்பதற்காக என்று விளக்குங்கள். ஒரு முறை தலையை ஆட்டினால் போதாது. இரண்டு நாள் கழித்து மறுபடி கேளுங்கள். அவர் மறுத்தால் அந்த மறுப்பை மதியுங்கள். மேலே சொன்ன மற்ற வழிகள் எதற்கும் அவருடைய மகனின் தயவு தேவையில்லை.

எழுதிக் கொடுத்த நிலம்

பதினைந்தாயிரம் ரூபாய் கொடுத்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் ரத்துப் பத்திரம் போட்டுவிடலாம் என்று ஆவண எழுத்தர் சொன்னதை நம்ப வேண்டாம். நிபந்தனையின்றி எழுதி, சொத்தைப் பெறுபவரும் ஏற்றுக்கொண்ட தான செட்டில்மெண்டை எழுதிக் கொடுத்தவர் தன்னிச்சையாக ரத்துச் செய்ய முடியாது. அப்படி ஒரு பத்திரத்தைப் பதிந்தாலும் அது நிற்காது. பணமும் போய், அண்ணன் உங்கள்மேல் வழக்குப் போட ஒரு காரணமும் கிடைத்துவிடும்.

சரியான வழி, 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு. தமக்கு அடிப்படை வசதிகளும் தேவைகளும் செய்து தர வேண்டும் என்ற நிபந்தனையோடு மூத்த குடிமகன் சொத்தை எழுதிக் கொடுத்து, அதை வாங்கிக்கொண்டவர் அப்படிச் செய்யத் தவறினால், அந்தப் பத்திரத்தைச் செல்லாது என்று தீர்ப்பாயம் அறிவிக்கலாம். உங்கள் சிக்கல், பத்திரத்தில் அந்த நிபந்தனை ஒரு வரிகூட இல்லை என்பது. 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், அத்தகைய நிபந்தனை இருந்தது என்பது மெய்ப்பிக்கப்பட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னது. பிறகு 2025 ஜனவரியில் வேறொரு வழக்கில், இது முதியோர் நலனுக்கான சட்டம், ஆகவே தாராளமாகப் பொருள் கொள்ள வேண்டும் என்று கூறி, ஒரு தாய் மகனுக்குக் கொடுத்த தானத்தை ரத்துச் செய்ததை அதே நீதிமன்றம் நிலைநிறுத்தியது. ஆனால் அந்தத் தாயிடம் மகன் எழுதிக் கொடுத்த உறுதிமொழிப் பத்திரம் ஒன்று இருந்தது. 2025 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு இன்னும் ஒரு படி முன்னே சென்று, அன்பாலும் பாசத்தாலும் எழுதிக் கொடுத்தேன் என்ற சொற்களிலேயே பராமரிப்பு எதிர்பார்ப்பு உள்ளடங்கியிருக்கிறது, வெளிப்படையான நிபந்தனை கட்டாயமில்லை என்று கொண்டது. ஆகவே உங்கள் தந்தைக்கு வழி திறந்திருக்கிறது. ஆனால் வெற்றி உறுதி என்று யாராவது சொன்னால் அவர் உங்களிடம் உண்மையைச் சொல்லவில்லை.

பத்திரத்தின் சான்றிட்ட நகலை எடுத்து, அதில் ‘அன்பினாலும் பாசத்தினாலும்’ என்ற தொடர் இருக்கிறதா என்று பாருங்கள். பதிவன்று சாட்சிக் கையெழுத்துப் போட்ட இருவரும் ஊரிலேயே இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள்; அன்று அண்ணன் என்ன வாக்குக் கொடுத்தார் என்று அவர்கள் சொல்லத் தயாரா என்று கேளுங்கள். ஆறு மாதம் அவர் அனுப்பிய பணத்தின் வங்கிக் கணக்கு விவரமும் உதவும். பொறுப்பே இல்லாதவர் எதற்காக மாதாமாதம் அனுப்பினார்? இன்னொரு கேள்வியையும் நீங்கள் எழுப்பவே இல்லை. அந்த ஒன்றரை ஏக்கர் அப்பா சொந்தமாக வாங்கியதா, தாத்தா வழி வந்த பூர்வீகமா? பூர்வீகமென்றால் முழு நிலத்தையும் ஒரே மகனுக்கு எழுதிவைக்கும் அதிகாரம் அப்பாவுக்கு இருந்ததா என்பதே வேறு வழக்கு. தம்பிக்கும் உங்களுக்கும்கூட அதில் பங்கு இருக்கலாம். அது கோட்டாட்சியரிடம் தீராது, உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். நிலம் அப்பாவுக்கு எப்படி வந்தது என்று காட்டும் தாய்ப்பத்திரத்தைப் பார்க்காமல் இதற்குமேல் சொல்வது முறையாகாது.

அதைப் பார்த்துச் சொல்ல உங்களுக்கு வழக்கறிஞர் இலவசமாகவே கிடைப்பார். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானம் எவ்வளவு என்று பாராமலே இலவசச் சட்ட உதவி உண்டு. அரூர் நீதிமன்றத்தில் வட்டச் சட்டப் பணிகள் குழு எங்கே என்று கேளுங்கள். அல்லது 15100 என்ற எண்ணுக்கு அழையுங்கள். முதியோர் தொடர்பான வழிகாட்டலுக்கு 14567 என்ற எண் காலை 8 முதல் இரவு 8 வரை இயங்குகிறது. மனுவை எப்படி எழுதுவது என்பதையும் அங்கே கேட்கலாம்.

தம்பிக்குப் பாதுகாவலர் யார்?

அக்காள் என்பதாலேயே நீங்கள் அவருக்குச் சட்டப்படி பாதுகாவலர் ஆகிவிடவில்லை. பதினெட்டு வயது கடந்தவருக்குப் பெற்றோரேகூடத் தாமாகப் பாதுகாவலர் ஆவதில்லை. அறிவுசார் குறைபாடு, புற உலகச் சிந்தனையின்மை (ஆட்டிசம்), மூளை முடக்குவாதம், பல்வகைக் குறைபாடு ஆகியவை உள்ளவர்களுக்காக 1999-இல் தேசிய அறக்கட்டளைச் சட்டம் வந்தது. அதன்படி மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர் அளவிலான குழு பாதுகாவலரை நியமிக்கும். தந்தை இருக்கும்போதே, அவருடைய சம்மதத்தோடு நீங்கள் விண்ணப்பிப்பது நல்லது. நியமனம் கிடைத்தால் தம்பியின் சொத்துக்கும் பணத்துக்கும் ஆறு மாதத்துக்குள் பட்டியலும் ஆண்டுதோறும் கணக்கும் கொடுக்க வேண்டும். உங்கள் அண்ணன்மார் நாளைக்கு ஏதாவது சொல்வார்கள் என்று நீங்கள் அஞ்சுவதற்கு அந்தக் கணக்கே பதில். அதே அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டில் ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய்வரை மருத்துவச் செலவு கிடைக்கும். அவருக்கு வலிப்பு மாத்திரை தொடர்ந்து வாங்குவதாக எழுதியிருப்பதால் இதைத் தவறவிட வேண்டாம். ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தம்பிக்காக அண்ணனிடம் பராமரிப்புக் கேட்க முடியாது, அது பெற்றோருக்கும் மூத்த குடிமக்களுக்கும் உரியது.

இல்லத்தில் சேர்ப்பது

நீங்கள் கெட்ட மகள் அல்ல. இந்தக் கேள்வியை நீங்கள் கேட்டிருப்பதே பதினான்கு மாதச் சோர்வின் அளவைக் காட்டுகிறது. ஆனாலும் உண்மை நிலையைச் சொல்லிவிடுகிறேன். முதியோர் இல்லங்களில் பல, எழுந்து நடமாட முடிந்தவர்களையே சேர்த்துக்கொள்கின்றன. படுத்த படுக்கையானவரை ஏற்கும் இடங்கள் குறைவு. கட்டணமும் உங்கள் குடும்பத்தால் தாங்கக்கூடியதாக இராது. தம்பிக்கு அரசு உதவி பெறும் இல்லங்கள் இருக்கின்றன. ஆனால் 29 ஆண்டுகளாக ஒரே வீடு, ஒரே திண்ணை, ஒரே மாடு என்று வாழ்ந்தவரை, அப்பாவும் நோயில் இருக்கும் இந்த நேரத்தில் பெயர்த்து வேறிடத்தில் வைப்பதை நான் கடைசி வழியாகவே வைப்பேன். வேறு வழியே இல்லாமல் பார்க்க நேர்ந்தால், மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் கீழ் அந்த இல்லத்துக்குப் பதிவுச் சான்று இருக்கிறதா என்று கேட்டு வாங்கிப் பாருங்கள். முன்னறிவிப்பின்றி வந்து பார்க்க அனுமதிக்காத இல்லத்தில் சேர்க்காதீர்கள்.

உங்களுக்கு இப்போது வேண்டியது இல்லத்தைவிட, வாரத்தில் சில மணி நேரம் தோள் மாற்றிக்கொள்ள ஓர் ஆள். நீங்கள் மகளிர் சுய உதவிக் குழுவுக்குப் போய் ஓராண்டு ஆகிறது, தவணை பாக்கியால் கூச்சமாக இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு 1989-இல் முதன்முதலில் தொடங்கப்பட்டது உங்கள் தர்மபுரி மாவட்டத்தில்தான். கடன் வாங்கிக் கட்டுவது அதில் ஒரு பகுதி மட்டுமே. நலிந்த குடும்பங்களைக் கவனிப்பதும் ஊராட்சி அளவிலான கூட்டமைப்பின் வேலை. அடுத்த கூட்டத்துக்குப் போய்ப் பாக்கியை ஒளிக்காமல் சொல்லி, உங்கள் வீட்டு நிலைமையையும் சொல்லுங்கள். இரவில் தூக்கமில்லை, செத்துவிடலாம் போல் இருக்கிறது என்று எட்டாம் பக்கத்தில் எழுதி அடித்திருந்தீர்கள். அடித்த பிறகும் அது படிக்க முடிந்தது. அந்த எண்ணம் வரும் இரவில் 14416 என்ற மனநல உதவி எண்ணுக்கு அழையுங்கள். இருபத்துநான்கு மணி நேரமும், தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை. உங்கள் கணவரிடமும் அதைச் சொல்லுங்கள்.

கடைசியாக உங்கள் மகளைப் பற்றி. ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் அவள், நீங்கள் சந்தைக்குப் போகும் புதன்கிழமைகளில் பள்ளிக்குப் போகாமல் தாத்தாவைப் பார்த்துக்கொள்கிறாள் என்று ஒரு வரியில் எழுதிவிட்டுக் கடந்துபோயிருக்கிறீர்கள். வாரம் ஒரு நாள் என்றால் கல்வியாண்டில் நாற்பது நாளுக்கு அருகில் வந்துவிடும். அடுத்த ஆண்டு அவளுக்குப் பொதுத் தேர்வு. குழுக் கூட்டத்தில் நீங்கள் கேட்க வேண்டிய முதல் உதவி இதுவாக இருக்கட்டும்: புதன்கிழமை காலை எட்டரை முதல் மதியம் இரண்டுவரை அப்பாவின் பக்கத்தில் இருக்க, முறை வைத்து ஒருவர். இயன்முறை மருத்துவரும் முடிந்தால் புதன்கிழமையே வரட்டும் என்று தன்னார்வலரிடம் கேட்டுப் பாருங்கள். செவிலியர் வந்து புண்ணைப் பார்த்துவிட்டு என்ன சொன்னார் என்பதை எனக்கு ஒரு வரி எழுதுங்கள். செட்டில்மெண்ட் பத்திர நகலும் தாய்ப்பத்திர நகலும் கையில் கிடைத்ததும் அவற்றையும் அனுப்பிவையுங்கள்.